பார்ட்ரிஷோ புனித இசுயி தேவாலயம்

வேல்ஸின் தென்கிழக்கே, கருமலைத் தொடரில் க்ருய்னே வவ்ர் பள்ளத்தாக்கின் சரிவில் நிற்கும் சிறிய பங்குக் கோயில் இது. மலையடியில் ஓர் ஊற்று. அதன் அருகே வாழ்ந்த இசுயி என்னும் துறவி, தாம் அடைக்கலம் தந்த வழிப்போக்கன் கையாலேயே கொலையுண்டார் என்பது மரபு. ஊற்றில் நீராடித் தொழுநோய் நீங்கிய யாத்திரிகர் ஒருவர் விட்டுச்சென்ற பொன்னால் முதல் கோயில் எழுந்ததாகச் சொல்வார்கள்.

இங்குள்ளவற்றில் மிகப் பழையது திருமுழுக்குத் தொட்டி. கெனில்லினின் காலத்தில் மென்ஹிர் என்னைச் செய்தான் என்று அதன் விளிம்பில் லத்தீனில் வெட்டியிருக்கிறது. கெனில்லின் 11-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பகுதியை ஆண்ட சிற்றரசர் என்று கருதப்படுகிறார். கட்டடத்தின் பெரும்பகுதியோ இடைக்காலத்தின் இறுதியைச் சேர்ந்தது. மேற்கே ஒட்டியுள்ள சிற்றாலயத்துக்குத் தனி வாசல்; புனிதரின் கல்லறை அங்கே இருந்ததாக நம்பிக்கை.

கோயிலின் பெருமையெல்லாம் சுமார் 1500-இல் செய்த ஓக் மரத் தடுப்பில்தான். மக்கள் நிற்கும் கூடத்தையும் திருப்பீடப் பகுதியையும் அது பிரிக்கிறது. வண்ணம் பூசாத மரம். குறுக்கு விட்டத்தில் திராட்சைக்கொடி ஓட, அதன் முனையைக் கவ்வியபடி டிராகன் ஒன்று இருக்கிறது. தடுப்பின்மேல் மாடம், அதற்கு ஏறச் சுவருக்குள்ளேயே படிக்கட்டு. ஒருகாலத்தில் அங்கே பெரிய சிலுவை நின்றது. தடுப்பின் வாயிலுக்கு இருபுறமும் கல் பலிபீடங்கள் உள்ளன.

இவை தப்பியதுதான் வியப்பு. சமயச் சீர்திருத்தத்தின்போது, கல் பீடங்களை அகற்ற 1550-இல் ஆணை வந்தது. மாடங்களை இறக்க 1561-இல் எலிசபெத் அரசி உத்தரவிட்டார். சிலுவை போயிற்று, பீடங்களும் மாடமும் நின்றன. ஆணையை நிறைவேற்ற இந்த மலைப்பாதையில் ஏறிவர எவரும் மெனக்கெடவில்லை என்பதே நம்பத்தக்க விளக்கம். வேல்ஸில் எத்தனையோ கோயில்கள் இழந்ததை இங்கே கண்ணால் காணலாம்.

சீர்திருத்தத்துக்குப் பின் வெள்ளையடித்த சுவர்களில் விவிலிய வசனங்களும் அரச இலச்சினையும் தீட்டினர். மேற்குச் சுவரில் மணற்கடிகாரமும் மண்வெட்டியும் ஏந்திய செந்நிற எலும்புக்கூடு நிற்கிறது. எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் அது மேலே தெரிந்துவிடும் என்றும், மனித இரத்தத்தால் வரைந்தது என்றும் ஊரில் கதை உண்டு.

சிதையத் தொடங்கிய கட்டடத்தைக் கட்டடக் கலைஞர் டபிள்யூ. டி. கரோ 1908-09-இல் செப்பனிட்டார். பழைய மரத்தையும் கல்லையும் மாற்றாமல், இருந்தபடியே வலுப்படுத்தினார்.