செவியே முதல் பாடம்: முதலமடை வட்டாரமும் தனிப்பயிற்சி இசைக்கல்வியும்

பிள்ளையை வாத்திய வகுப்பில் சேர்க்கச் சொல்வோர் பெற்றோரிடம் முதலில் எடுத்துவைக்கும் காரணம், படிப்பு நன்றாக வரும் என்பதே. கேரளத்தில் அந்த நம்பிக்கைக்கு அரசு விதியின் துணையும் உண்டு. 1957இல் தொடங்கிய மாநிலப் பள்ளிக் கலோத்சவத்தில் மிருதங்கம், வயலின், செண்டை போன்றவற்றை வாசித்துத் தகுதி பெறுவோருக்குப் பொதுத்தேர்வில் கிரேஸ் மார்க் எனும் கூடுதல் மதிப்பெண் கிடைக்கிறது. மாந்தோப்புகளுக்குப் பெயர்பெற்ற, தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும், பாலக்காடு மாவட்டத்து முதலமடையில் படிக்கும் பிள்ளைக்கும் இதே விதிதான். கருவி கற்பதை மதிப்பெண்ணால் அளப்பது அக்கல்விக்கே ஊறு செய்கிறது என்பது என் வாதம். அதன் பயன் செவிப் பயிற்சியில் இருக்கிறது. அப்பயிற்சி ஆசிரியரும் மாணவரும் நேருக்கு நேர் அமர்ந்தால்தான் நடக்கும். ஆகவே அந்த வாய்ப்பைப் பணமுள்ளவர்களுக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது.

மதிப்பெண் வாதத்துக்கு ஆதரவாக மிகுதியும் காட்டப்படுவது டொராண்டோவில் கிளென் ஷெல்லன்பர்க் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு. ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேர் விசைப்பலகை, குரலிசை, நாடகம், எதுவுமில்லை என நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஓராண்டு முடிவில் இசை கற்றோரின் அறிவுத்திறன் ஈவு ஏறத்தாழ 7 புள்ளியும், மற்றவர்களுடையது 4.3 புள்ளியும் உயர்ந்திருந்தன. வேறுபாடு மூன்று புள்ளிக்கும் குறைவு. பழகும் பண்பில் முன்னேற்றம் கண்டவர்களோ நாடகம் கற்றவர்கள். ஆய்வை மேற்கோள் காட்டுவோர் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. ஜோவான்னி சாலாவும் பெர்னாண்ட் கோபெயும் 54 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் எழுதியபோது, ஆய்வு கட்டுக்கோப்பாக அமைந்த இடங்களிலெல்லாம் இசையால் படிப்புக்கு வரும் பயன் மறைந்துபோகிறது என்று கண்டனர். அம்முடிவை மறுத்து, சிறு பயன் உண்டு என்று வாதிட்டவர்களும் உளர். வழக்கு முடியவில்லை, ஆனால் இவ்வளவு மெலிந்த ஆதாரத்தின்மேல் ஒரு கலைக்கல்வியை நிறுத்திவைக்க முடியாது.

அப்படியானால் கருவி எதைத்தான் தருகிறது? பாலக்காட்டின் சொந்த வரலாறே இதற்கு விடை சொல்கிறது. பாலக்காடு மணி ஐயர் (1912–1981) சாத்தபுரம் சுப்பையரிடம் மிருதங்கம் பயின்று, இளம் வயதிலேயே பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதருக்கு வாசித்துப் புகழ் பெற்றார். அதன் பிறகும் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் மாணவராகப் போய் அமர்ந்தார். விரல் வேகத்தில் குறையிருந்து போனவரல்லர். தன் வாசிப்பைத் தன்னைவிடக் கூர்மையாகக் கேட்கும் இன்னொரு செவியை நாடிப் போனார் என்றே கொள்கிறேன். பாடகரான கே. வி. நாராயணசுவாமி, மிருதங்க வித்வானாகிய அதே மணி ஐயரிடம் கற்றிருக்கிறார் என்பது இதற்கு இன்னும் வலுவான சான்று. பாடகருக்குத் தோல் கருவிக்காரர் கற்பிக்க முடிந்ததென்றால், அங்கே கைமாறியது விரல் நுட்பமன்று. காலப்பிரமாணம் என்னும் சீரான வேகமும் அதைக் கேட்டு நிறுத்தும் திறனும். தொடக்கப் பாடமும் இதையே காட்டும். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் ‘நம்’ என்ற சொல் விழ, ஆள்காட்டி விரல் விளிம்பில் அடிக்கும்போதே மோதிர விரல் தோலை மெல்லத் தொட்டு நிற்க வேண்டும். அழுத்தம் சற்று மிகுந்தால் நாதம் அடைபடும். அடைபட்டதைப் புதிய மாணவரின் செவி முதலில் அறியாது. ஆசிரியர் நிறுத்தி, தாம் வாசித்துக் காட்டி, மறுபடி வாசிக்கச் சொல்லும் அந்தச் சில நொடிகளில்தான் கல்வி நடக்கிறது.

இணையக் காணொளிகள் இலவசமாய்க் கிடைக்கும்போது ஆசிரியர் எதற்கு என்று கேட்கலாம். காணொளி மாணவருக்குக் காட்டும். மாணவர் வாசிப்பதை அது கேட்காது. ஒரே அறையில் முப்பது பேரை உட்காரவைக்கும் வகுப்பும் தாளத்தைப் பழக்கும், சொற்கட்டை மனப்பாடமாக்கும். ஒவ்வொருவரின் ‘நம்’மையும் அது தனித்தனியே கேட்க வழியில்லை. இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்றுண்டு: நேர்முகப் பயிற்சி வரலாற்றில் அக்ரகாரத்துக்குள் சுழன்றது, இன்று கட்டணத்துக்குள் சுழல்கிறது, அதைப் போற்றுவது அந்த வேலியைப் போற்றுவதாகும் என்பது. வரலாறு குறித்து இம்மறுப்பு சொல்வது உண்மை. பாலக்காட்டிலிருந்து கொல்லங்கோடு போகும் சாலையில் உள்ள பெருவெம்பில் மிருதங்கமும் மத்தளமும் செண்டையும் தலைமுறைகளாகச் செய்யப்படுகின்றன. தோலை இழுத்துக் கட்டிச் சுதி சேர்க்கும் கைகளுக்கு நாத அறிவு இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும் கச்சேரி வரலாற்றில் வாசித்தவர் பெயர் நிற்கும் அளவுக்குச் செய்தவர் பெயர் நிற்கவில்லை. இது பெரும் அநீதி. ஆனால் அது கற்பிக்கும் முறையிலிருந்து பிறந்ததன்று. யாருக்குக் கற்பிக்கப்பட்டது என்பதிலிருந்து பிறந்தது. முறையைக் கைவிட்டால் வேலி விழாது. வசதியுள்ள வீடுகளில் தனிப்பயிற்சி தொடரும், மற்றவர்களுக்குக் காணொளி மட்டும் மிஞ்சும்.

செலவு கட்டுமா என்ற கேள்வி எஞ்சுகிறது. வாரத்துக்கு ஒரு பிள்ளைக்கு இருபது நிமிடம் என்று வைத்தால், நாளுக்கு ஐந்து மணி நேரம் கற்பிக்கும் ஓர் ஆசிரியர் ஐந்து நாளில் 75 பேரைத் தனித்தனியே கேட்டுவிட முடியும். பாலக்காட்டிலேயே செம்பை பெயரில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. கருவி செய்வோர் பெருவெம்பில் இருக்கிறார்கள். முதலமடை ஊராட்சி, தன் எல்லைக்குள் வாழும் எரவாளர், மலசர், காடர் பழங்குடி வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து இத்தகைய தனிப்பயிற்சியைத் தொடங்கலாம். எந்தக் கருவி என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், அது கச்சேரி மேடைக்கு வராத கருவியாக இருந்தாலும் சரி. ஒரே நிபந்தனை, கலோத்சவப் பரிசுகளின் எண்ணிக்கையை வைத்து அந்த ஆசிரியரை மதிப்பிடக் கூடாது. அப்படி மதிப்பிட்டால், பரிசு பெறத்தக்க இரண்டு மூன்று பிள்ளைகளுக்கே அவர் நேரமெல்லாம் போய்விடும்.