ஸலாம்: ஒரு முகமன் மரபின் சமூக வரலாறு

அரபுச் சொல்லொன்று தமிழில் இருவேறு வாழ்வு வாழ்ந்து வருகின்றது. முஸ்லிம்கள் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்கின்றனர். பொதுவழக்கிலோ அதிகாரிக்கும் செல்வனுக்கும் சலாம் போடுகின்றனர். முன்னது மறுமொழியை வேண்டிநிற்பது. பின்னதற்கு மறுமொழி வேண்டியதில்லை. ஒரே சொல் நேரெதிரான இரு சமூக உறவுகளைக் குறிக்கலானது எவ்வாறு என்னும் வினா வெறும் சொல்லாராய்ச்சிக்குரியதன்று.

இஸ்லாத்துக்கு முற்பட்ட அரேபியாவிலும் முகமன் மரபுகள் இருந்தன. காலைப்பொழுது இனிதாகுக என வாழ்த்துவது வழக்கு. ஹீராவின் அரசர்களுக்கு அது போதாது. பழிச்சொல்லுக்கு ஆளாகாதிருப்பீராக என்னும் பொருள்பட அவர்களுக்கெனத் தனித் தொடரொன்று இருந்தது. ஆளுக்கேற்ற வாழ்த்து என்பதே அங்கு நெறி. பாலைவன வாழ்வில் ஒருவனின் உயிருக்குப் பிணை அவனது குலமே. குலத்துக்குப் புறத்தேயுள்ளவனைக் கொள்ளையிடுதல் கால்நடைப் பொருளாதாரத்தின் ஓர் உறுப்பாகவே விளங்கிற்று. இச்சூழலில், எதிர்ப்படும் அந்நியன் தீங்கு செய்வானா, செய்யானா என்பது உயிர்ப் பிரச்சினையாகும்.

'அஸ்ஸலாமு அலைக்கும்' என்னும் வாழ்த்தின் பொருளை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும். சாந்தி, பாதுகாப்பு, ஊறின்மை ஆகியன ஸலாம் என்பதன் பொருள்கள். சொல் புதிதன்று, எபிரேய மொழியின் ஷாலோமும் சிரிய மொழியின் ஷ்லாமாவும் அதன் உடன்பிறப்புகளே. அதன் பிரயோகமே புதிது. அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் ஸலாம் உரைக்குமாறு நபிமொழி பணிக்கின்றது. ஆண்டானுக்கு ஒரு வடிவம், அடிமைக்கு வேறொரு வடிவம் என்ற பேதம் அத்தொடரில் இல்லை.

குர்ஆனின் நான்காம் அத்தியாயத்து 94ஆம் வசனம் இவ்விடத்து மிக முக்கியமானது. ஸலாம் கூறுபவனை நோக்கி, இவ்வுலகப் பொருளை நாடி, நீ விசுவாசியல்லன் எனக் கூறவேண்டாமென அது தடுக்கின்றது. சிறியதோர் ஆட்டுமந்தையுடன் எதிர்ப்பட்டு ஸலாம் கூறியவனை முஸ்லிம் படையினர் சிலர் கொன்று, ஆடுகளைக் கவர்ந்த நிகழ்ச்சியே இவ்வசனத்தின் பின்னணி என மரபு கூறும். பழைய கொள்ளைப் பொருளாதாரமும் புதிய சமுதாயத்தின் நெறியும் ஒரு முகமனின் மேல் மோதிக்கொண்டதை இதனிலும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

அதே அத்தியாயத்தின் 86ஆம் வசனம், வாழ்த்தப்பட்டால் அதனிலும் சிறப்பாக, அன்றேல் அதனையே திருப்பிக் கூறுமாறு விதிக்கின்றது. ஸலாம் கூறுதல் விரும்பத்தக்கது, பதிலுரைத்தலோ கடமை எனச் சட்ட அறிஞர்கள் வகுத்ததும் இதனடியாகவே. வாகனத்தில் செல்பவர் நடப்பவருக்கும், நடப்பவர் அமர்ந்திருப்பவருக்கும், சிறுதொகையினர் பெருந்தொகையினருக்கும் முதலில் ஸலாம் கூறவேண்டுமென நபிமொழி கூறும். ஒட்டகமும் குதிரையும் உடைமையின் அடையாளங்களாயிருந்த சமூகத்தில், ஏறிச்செல்பவனே முந்திக்கொள்ளவேண்டும் என்பது சிறிய மாற்றமன்று. எனினும் இதனை மிகைப்படுத்தலாகாது. இளையவரே மூத்தவரை முந்தவேண்டும் என்ற நியதி நீடித்தது. அடிமை முறையும் ஒழியவில்லை. குலத்தின் எல்லை உடைந்தவிடத்தில் சமயத்தின் எல்லை எழுந்தது. பிறசமயத்தாருக்கு ஸலாம் உரைப்பது குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவியது.

762இல் பக்தாத் நகரை அமைத்த அப்பாசியரின் பேரரசு, பாரசீக அரசவை மரபுகள் பலவற்றைத் தனதாக்கிக்கொண்டது. புவைஹிகள் காலத்துச் செயலாளராகப் பணியாற்றி 1056இல் மறைந்த ஹிலால் அல்-ஸாபி, கலீபாவின் அரண்மனை நடைமுறைகள் பற்றி எழுதிய நூலில் ஒரு மாற்றத்தைப் பதிவுசெய்கின்றார்: முன்னர் அமைச்சரும் படைத்தலைவரும் கலீபாவுக்கு ஸலாமே உரைத்தனர், பின்னர் தரையை முத்தமிடுதல் வழக்காயிற்று. தரையை முத்தமிடுபவனுக்கு மறுமொழி கூறும் கடப்பாடு கலீபாவுக்கு இல்லை. நிலவரியில் நிலைபெற்ற பேரரசொன்றில் ஆள்வோனும் ஆளப்படுவோனும் ஒரே வாழ்த்தைப் பரிமாறிக்கொள்வதெங்ஙனம்?

முகலாய அரசவையில் இம்மாற்றம் சொல்லையே பற்றிக்கொண்டது. அக்பரின் ஆட்சிமுறையை விவரிக்கும் அபுல் பஸ்லின் ஆயின்-இ-அக்பரி, தஸ்லீம் என்னும் வணக்கத்தை விளக்குகின்றது: வலது புறங்கையைத் தரையில் வைத்து, மெல்ல உயர்த்தி, நிமிர்ந்து நின்று, உள்ளங்கையை உச்சந்தலையில் பதித்தல். தஸ்லீமும் ஸலாமும் ஒரே வேரில் முளைத்தவை. இறைவனுக்கே உரியதென மார்க்க அறிஞர் கருதிய ஸஜ்தாவும் அங்கு அரசனுக்குச் செய்யப்பட்டது. 1628இல் அரியணையேறிய ஷாஜகான் அதனை நீக்கினார். தஸ்லீம் மட்டும் நீடித்தது.

வாயால் உரைக்கப்பட்டது உடலால் செய்யப்படுவதாயிற்று. நவாபுகளின் கச்சேரிகளிலும், பின்னர் கும்பினியாரின் அலுவலகங்களிலும் இந்தியச் சேவகர் துரைமாருக்குச் செய்ததும் இத்தகைய வணக்கமே. தமிழ்ப் பொதுவழக்கில் சலாம் என்பதற்கு அமைந்த பொருள் மதீனாவிலிருந்து அன்று, இவ்வழியே வந்தது எனக் கொள்வதே பொருத்தமுடையது. போடுதல் என்னும் துணைவினையும் கும்பிடு போடுதல் என்பதையே நினைவூட்டுகின்றது. முஸ்லிம் எழுத்தாளரோ அச்சொல்லை இன்றும் கிரந்த எழுத்திட்டு ஸலாம் என்றே எழுதுகின்றனர். அதனைச் சொல்கின்றனர், போடுவதில்லை.