90 பவுண்டுக்கு மீட்ட பாட்டு

  

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இப்போது மைக்செட் கடை வைத்திருக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் அவர் வரலாற்று நோட்டு அட்டையில் பாப் மார்லி படம் ஒட்டியிருந்தார். "கஞ்சா அடிக்கிறவன் படமா நோட்டுல?" என்று வகுப்பு முன்னால் அதைக் கிழித்துப் போட்டவன் நான். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போனில் ஒரு பாட்டைப் போட்டு, "கேளுங்க சார், இது மார்லி இல்ல" என்றார்.

அபிசீனியன்ஸ் என்ற மூவர் குழு பாடிய 'சட்டா மசகானா'. ஜமைக்காக்காரர்கள் பாடும் பாட்டில் எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழிச் சொற்கள்! வரலாற்று வாத்தியாருக்குத் தூக்கம் வருமா? அன்றிரவே தேட ஆரம்பித்தேன்.

ஜமைக்கா மக்களில் பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள். அடிமை முறை 1838-இல் முழுதாக ஒழிந்தது. வறுமை ஒழியவில்லை. 1930-இல் எத்தியோப்பியாவில் ஹைலே செலாசி முடிசூடியபோது, ஜமைக்காவின் ஏழைகளில் சிலர் அவரைத் தங்கள் மீட்பராகவே கண்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் ராஸ்தஃபாரி சமயம். 1962-இல் சுதந்திரம் வந்தது. 1966-இல் செலாசியே கிங்ஸ்டனுக்கு வந்தார். அந்த நம்பிக்கையும் சேரிகளின் கோபமும் கலந்து 1970-களில் ஒலித்ததுதான் ரூட்ஸ் ரெகே.

'சட்டா மசகானா' 1969-இல் ஸ்டூடியோ ஒன்னில் பதிவானது. அதன் முதலாளி காக்ஸன் டாட், நம்ம ஊர் மைக்செட் மாதிரி தெருவில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டு வளர்ந்தவர். இந்தப் பாட்டு விற்காது என்று அவர் வெளியிடவில்லை. பாடகர்கள் 90 பவுண்டு கொடுத்துத் தங்கள் நாடாவைத் தாங்களே வாங்கி, 1971-இல் சொந்த லேபிளில் வெளியிட்டார்கள். பாட்டு பெரிய வெற்றி பெற்றது. இன்று ராஸ்தஃபாரிகள் அதைப் பக்திப்பாடலாகவே பாடுகிறார்கள்.

எல்லோருக்கும் இப்படி வாய்க்கவில்லை. காங்கோஸ் குழு 1977-இல் லீ பெர்ரியின் பிளாக் ஆர்க் ஸ்டூடியோவில் 'ஹார்ட் ஆஃப் த காங்கோஸ்' பதிவு செய்தது. செட்ரிக் மைட்டன் மெல்லிய உச்சக்குரலில் பாடிய அந்தத் தட்டை வெளிநாட்டுக் கம்பெனி எடுத்துக்கொள்ளாததால் அது அதிகம் பரவவில்லை. 1996-இல் இங்கிலாந்தின் பிளட் அண்ட் ஃபயர் என்ற சிறிய லேபிள் மறுவெளியீடு செய்த பிறகுதான் உலகம் பரவலாகக் கேட்டது. பத்தொன்பது ஆண்டுகள்!

கிடஸ் ஐ என்ற பாடகர் 'ராக்கர்ஸ்' (1978) படத்தில் ஒரே ஒரு பாட்டுப் பாடுகிறார். பார்த்தவர் மறக்க முடியாத காட்சி. ஆனால் அவருடைய தனி ஆல்பங்கள் வெளிவர 2000-களாயிற்று. அதற்குள் தலை நரைத்துவிட்டது.

இவர்கள் ஏன் மறக்கப்பட்டார்கள்? குரல் சோடையா? இல்லை. பாடகருக்குப் பெரும்பாலும் ஒருமுறைக் கூலிதான். அதே இசையின் மேல் வேறு பத்துப் பேர் பாடினாலும் முதலில் பாடியவருக்குக் காசு வராது. சுதந்திர ஜமைக்காவுக்கென்று தனிக் காப்புரிமைச் சட்டம் வந்ததே 1993-இல்தான். மார்லிக்கு லண்டன் கம்பெனியின் பின்பலம் இருந்தது. அவர் பெரிய கலைஞர், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு மரத்தைக் காட்டி, தோப்பே அவ்வளவுதான் என்று நமக்குச் சொல்லிவிட்டார்கள்.

முப்பத்து நான்கு ஆண்டு வரலாறு நடத்தியவன் நான். அடிமை வியாபாரம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத வைத்திருக்கிறேன். அந்த அடிமைகளின் பேரப்பிள்ளைகள் என்ன பாடினார்கள் என்று தெரிந்த பையன் முன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். அவனிடம் கேட்காமல் அட்டையைக் கிழித்தேன்.

நேற்று அவரைப் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார். "விடுங்க சார். அன்னைக்குச் சாயந்திரமே வேற படம் ஒட்டிட்டேன்."

கேட்க விரும்பும் நண்பர்கள் 'சட்டா மசகானா'விலிருந்து தொடங்குங்கள். பிறகு காங்கோஸ். முடிந்தால் நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள். போனில் அந்த பேஸ் சத்தம் பாதிகூட வராது. இது என் மாணவர் எனக்கு நடத்திய பாடம்.