சிங்கிள் டின்னா, டபுள் டின்னா?

இன்னைக்கு எபிசோடு ஒரு ஓட்டையைப் பத்தினது. கார் டாஷ்போர்டு நடுவுல இருக்கிற ஒரு செவ்வக ஓட்டை.

கார் ஆக்சஸரீஸ் கடைக்குப் போய், "அண்ணா, பழைய ஸ்டீரியோவக் கழட்டிட்டு டச் ஸ்கிரீன் போடணும்"னு சொல்லிப் பாருங்க. "சிங்கிள் டின்னா, டபுள் டின்னா தம்பி?"னு கேப்பாரு. ரொம்ப நாள் நான் அதைத் தகர டின்னுன்னே நினைச்சிட்டிருந்தேன். ஸ்டீரியோவும் தகரப் பெட்டி மாதிரிதானே இருக்கு! ஆனா அது டி.ஐ.என்., ஜெர்மனியின் தர நிர்ணய நிறுவனத்தோட சுருக்கப் பெயர். ரேடியோவோட முகம் 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம்னு அவங்க வகுத்த அளவு 1984-ல் சர்வதேசத் தரமாவும் ஆச்சு. உயரம் இரண்டு மடங்குன்னா டபுள் டின்.

இந்த அளவால என்ன பெரிய விஷயம்னு புரிய, போர்ஷே 911-ஐ எடுத்துக்கலாம். 1960-கள்ல ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் தயாரிப்புல இருக்கிற ஸ்போர்ட்ஸ் கார். ஒழுங்காப் பராமரிச்சா 40 வருஷம் கழிச்சும் ஓடும். ஆனா அதுக்குள்ள இருக்கிற ரேடியோ பத்து வருஷத்துல கிழடாயிடும். இந்த வயசு வித்தியாசத்தை அந்த ஓட்டைதான் சமாளிச்சுது.

கொஞ்சம் பின்னாடி போவோம். கார் ரேடியோங்கறதே ஆரம்பத்துல வெளியில வாங்கி மாட்டின பொருள்தான். 1930-ல் அமெரிக்காவோட அட்லாண்டிக் சிட்டியில ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாடு நடக்குது. பால் கால்வினுக்கு உள்ளே ஸ்டால் கிடையாது. மனுஷன் தன்னோட ஸ்டூடிபேக்கர் காரை வெளியே நிறுத்தி, அதுல மாட்டின ரேடியோவ சத்தமா வெச்சு, வர்றவங்க போறவங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த ரேடியோவுக்கு வெச்ச பேர் மோட்டோரோலா. 'மோட்டார்' பாதி, அப்போ பிரபலமா இருந்த 'விக்ட்ரோலா' கிராமஃபோன் மீதி. மாட்டுற வேலை லேசுப்பட்டது இல்லை. கூரைத் துணிக்குள்ள ஆன்டெனா, தரைக்கு அடியில தனி பேட்டரி. செலவு 100 டாலருக்கு மேல. புது ஃபோர்டு காரே அப்போ 540 டாலர்தான்!

1932-ல் ஜெர்மனியில ப்ளாபுங்க்ட் தன்னோட முதல் கார் ரேடியோவை விட்டாங்க. அப்புறம் பெக்கர் கம்பெனி வந்தாங்க. அளவு எல்லாருக்கும் ஒண்ணுன்னு ஆனதும் 911 வெச்சிருந்தவங்க கேசட் வந்தப்ப கேசட், சிடி வந்தப்ப சிடின்னு மாத்திக்கிட்டே இருந்தாங்க. வயர்களுக்கும் வழக்கம் உருவாச்சு. மஞ்சள் பேட்டரியிலிருந்து நேரா, சிவப்பு சாவி போட்டா மட்டும், கறுப்பு எர்த். சில ஐரோப்பியக் கார்கள்ல மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கும். கவனிக்காம மாட்டினா, வண்டியை அணைக்கிற ஒவ்வொரு தடவையும் சேவ் பண்ணின ஸ்டேஷன் எல்லாம் அழிஞ்சுடும்.

நமக்குச் சுலபம்னா திருடனுக்கும் சுலபம்தானே? 1980-கள்ல நியூயார்க்ல கார் கண்ணாடியில "ரேடியோ இல்லை"ன்னு அட்டை எழுதி வெச்சாங்க. முகப்பை மட்டும் கழட்டிப் பாக்கெட்ல போட்டுக்கிற செட்டு, ரகசிய எண் கேக்கிற செட்டு எல்லாம் வந்தது இதனாலதான். ஃபெராரி F40-க்கு இந்தக் கவலையே இல்லை. 1987-ல் வந்த அந்தக் காருக்கு ரேடியோவே கிடையாது!

2000-களின் தொடக்கத்துல கதை மாறுது. 911-க்குள்ள மோஸ்ட்னு ஒரு ஃபைபர் ஆப்டிக் வளையம் வந்துச்சு. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், சிடி சேஞ்சர் எல்லாம் ஒரே வளையத்துல, ஒண்ணுலேருந்து அடுத்ததுக்கு ஒளி மூலமா பேசிக்கும். பாட்டு கேக்க அருமை. ஆனா ஒரு பெட்டியை வெளியே எடுத்தா வளையம் அறுந்து மொத்தமும் ஊமையாயிடும். அந்த இடத்துல இணைக்க ஒரு லூப் வேணும், புது ஸ்கிரீனைப் பழைய ஆம்ப்ளிஃபயரோட பேச வைக்கத் தனி அடாப்டர் வேணும். ஓட்டை அதே சைஸ்லதான் இருக்கு, கதவைத்தான் பூட்டிட்டாங்க. கெட்ட எண்ணத்துல செஞ்சாங்கன்னு நான் சொல்ல வரலை. ஆனா காருக்கு உரிமையாளர் கையில இருந்த ஒரு அதிகாரம் சத்தமில்லாம கைமாறினது இங்கேதான்னு நினைக்கிறேன்.

2014-ல் ஆப்பிள் கார்ப்ளே, அடுத்த வருஷம் ஆண்ட்ராய்டு ஆட்டோ. இது பெரிய திருப்பம். மேப், பாட்டு, எல்லா மூளை வேலையும் போன்ல. ஸ்கிரீன் வெறும் ஜன்னல். போனை மாத்தும்போதெல்லாம் கார் புதுசாயிடும்! பயனியர் மாதிரி கம்பெனிகள் அதே வருஷமே பழைய கார்களுக்கான கார்ப்ளே செட்டுகளைக் கொண்டுவந்துட்டாங்க.

2020-ல் போர்ஷேவே களத்துல இறங்குனாங்க. 1998 வரைக்கும் வந்த பழைய 911-களுக்கு, அதே சிங்கிள் டின் ஓட்டையில உட்கார்ற, இரண்டு திருகு குமிழோட ஒரு டச் ஸ்கிரீன். அடுத்த தலைமுறை 911-க்கும் முதல் பாக்ஸ்டருக்கும் டபுள் டின்ல 7 இன்ச். சின்னதோட ஸ்கிரீன் 3.5 இன்ச்தான், நம்ம போன்ல பாதி. கொஞ்சம் சிரிப்பாத்தான் இருக்கு. ஆனா பழைய டாஷ்போர்டுல அது துருத்திக்கிட்டு நிக்காது. வண்டியைப் பழசாவே விட்டுட்டு வழி மட்டும் சொல்ற ரேடியோ. எனக்குப் பிடிச்சிருக்கு. 7 இன்ச்ல இன்னொரு நல்ல விஷயம், காரோட வந்த ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் அப்படியே வெச்சுக்கலாம்.

ஆனா புதுக் கார்கள் வேற பக்கம் போகுது. 2023-ல் ஜெனரல் மோட்டார்ஸ், இனி வரப்போற எலெக்ட்ரிக் கார்கள்ல கார்ப்ளே இருக்காதுன்னு சொன்னாங்க. 2025-ல் ஆஸ்டன் மார்ட்டின்ல வந்த கார்ப்ளே அல்ட்ரா, ஸ்பீடோமீட்டரையும் சேர்த்து எடுத்துக்குது.

போர்ஷே 2018-ல் அறிமுகப்படுத்தின 911-ல 10.9 இன்ச் ஸ்கிரீன் டாஷ்போர்டோட ஒண்ணா இழைஞ்சிருக்கு. சஸ்பென்ஷன் உட்பட வண்டியோட பல செட்டிங்குகளும் அதுக்குள்ளதான். 1988-ல் வந்த 911-க்கு 2020-ல் புது ரேடியோ மாட்ட முடிஞ்சது. இந்தக் காரை 2058-ல் யாராவது ஆசையா வாங்கி, செத்துப்போன ஸ்கிரீனோட ஒரு கடைக்குப் போனா, கடைக்காரர் எந்த சைஸ்னு கேப்பாரு?