பெரிய பெட்டியா, பெரிய வாட்ஸா? ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் ஜோடி சேர்ந்த கதை

டவர் ஸ்பீக்கர் பற்றிப் பேச்செடுத்தாலே நேயர்களிடமிருந்து வரும் கேள்வி ஒன்றுதான். "ஃப்ளோர்ஸ்டாண்டிங் ஸ்பீக்கர் ஒரு ஜோடி பார்த்து வைச்சிருக்கேன். படமும் பார்க்கணும், பாட்டும் கேட்கணும். எத்தனை வாட்ஸ் ஆம்ப்ளிஃபையர் வாங்கட்டும்?"

ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்த எண்ணை நம்பி ஒருத்தர் பல மாதச் சேமிப்பை எடுத்து வைக்கிறார். தப்பான ஜோடி அமைந்தால் ஒன்று ஆம்ப்ளிஃபையர் சூடாகி அணைந்து போகும், இல்லையென்றால் ட்வீட்டர் கருகும். ஸ்பீக்கர் விவரத்தாளில் மூன்று எண்கள் இருக்கும்: 8 ஓம்ஸ், 90 டெசிபல், 20 முதல் 200 வாட்ஸ். இந்த மூன்றும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால், எதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். அதனால் இந்த எபிசோட்ல கடைக்குப் போகும் முன் கொஞ்சம் வரலாற்றுக்குப் போவோம்.

ஒரே பெட்டிக்குள் பிறந்தவை

இன்றைக்கு நாம் பயன்படுத்தும் ஸ்பீக்கரின் அடிப்படை வடிவம் 1925இல் வந்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் என்ற இரண்டு பொறியாளர்கள், காந்தத்துக்கு நடுவே அசையும் ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு என்ற அமைப்பை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே அது ஆர்சிஏ ரேடியோலா 104 என்ற பெயரில் கடைக்கு வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அந்த ஸ்பீக்கரோடு ஆம்ப்ளிஃபையரும் அதே பெட்டிக்குள் இருந்தது என்பது. அன்றைய ரேடியோ பெட்டிகள் தரும் மின்சக்தி அந்தக் கூம்பை ஆட்டப் போதாது. அதனால் செய்தவர்களே இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எதற்கு எது பொருந்தும் என்ற கேள்வியே வாங்குபவர் தலையில் விழவில்லை. அந்தக் கேள்வி, இரண்டும் தனித்தனிக் கடைச் சரக்காகப் பிரிந்த பிறகு பிறந்தது.

வாட்ஸ் தங்கமாக இருந்த காலம்

1926, 27இல் சினிமா பேச ஆரம்பித்தது. ஆயிரம் பேர் உட்காரும் அரங்கம் முழுக்க ஒலி கேட்க வேண்டும். ஆனால் கையில் இருந்தது வால்வ் ஆம்ப்ளிஃபையர். வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் புகழ்பெற்ற 300பி வால்வ் 1930களில் வந்தது. தனி வால்வாக ஓட்டினால் சுமார் 8 வாட்ஸ்தான் கிடைக்கும். இன்றைக்கு டிவிக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கருக்கே அதைவிட அதிகம் எழுதி விற்கிறார்கள்!

அவ்வளவு கொஞ்சம் வாட்ஸில் அரங்கத்தை எப்படி நிரப்பினார்கள்? பதில், ஹார்ன். நாகஸ்வரத்தின் அடியில் விரிந்திருக்கும் அணசை நினைத்துக்கொள்ளுங்க. சின்ன அதிர்வு படிப்படியாக விரிந்து பெரிய காற்றுப் பரப்போடு கைகோர்க்கிறது. கோயில் திருவிழாவில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கி ஊர் எல்லை வரை கேட்பதும் இதே காரணத்தால்தான். ஹார்ன் ஸ்பீக்கர் ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபலுக்கு மேல் தரும். விலை என்ன? இடம். ஆழமான பேஸ் வேண்டுமென்றால் ஹார்ன் பிரம்மாண்டமாக வளர்ந்துகொண்டே போகும்.

இதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் பால் கிளிப்ஷ். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹோப் என்ற சிற்றூரில் 1946இல் கம்பெனி தொடங்கினார். அவருடைய கிளிப்ஷ்ஹார்ன், அறையின் மூலைச் சுவர்களையே ஹார்னின் தொடர்ச்சியாக ஆக்கிக்கொண்டது. ஆள் இடுப்புக்கு மேல் உயரம், ஒரு மூலை முழுக்கக் காலி. ஆனால் சில வாட்ஸ் கொடுத்தாலே வீடு அதிரும். அந்தக் கணக்கில் பெட்டி பெரிசு, வாட்ஸ் சிறிசு.

வில்ச்சர் கணக்கைத் திருப்பிப் போட்டார்

1954இல் எட்கர் வில்ச்சர் வந்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலிப் பெருக்கம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். காற்றுப் புகாமல் மூடிய சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பீக்கர் கூம்புக்கு ஸ்பிரிங் ஆக்கலாம் என்று கண்டுபிடித்தார். தன் மாணவரான ஹென்றி க்ளாஸோடு சேர்ந்து மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியைத் தொடங்கினார். அவர்களுடைய ஏஆர்-1, அலமாரித் தட்டில் வைக்கிற அளவு பெட்டியிலிருந்து, அதுவரை பீரோ சைஸ் பெட்டியில் மட்டுமே கிடைத்த பேஸைக் கொடுத்தது.

சும்மா கிடைக்குமா? கிடைக்காது. அது வாட்ஸைத் தின்றது. டெசிபல் கணக்கு இங்கே முக்கியம்: ஒலி 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் பவர் இரண்டு மடங்கு, 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. 100 டெசிபல் ஹார்ன் 1 வாட்டில் செய்யும் வேலையை 87 டெசிபல் பெட்டி செய்ய 20 வாட்ஸ் வேண்டும். ஸ்பீக்கர் விவரத்தாளில் போடும் சென்சிடிவிட்டி எண்ணுக்கு அர்த்தம் இதுதான்.

இதை விதியாகவே சொல்வார்கள், 'ஹாஃப்மனின் இரும்பு விதி' என்று. க்ளாஸோடு பின்னாளில் கேஎல்ஹெச் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஹாஃப்மன். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்ஸிலேயே அதிகச் சத்தம். இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆகணும். 70 வருஷத்துக்குப் பிறகும் எந்தக் கம்பெனியும் இந்த விதியைத் தாண்டவில்லை. தாண்டிவிட்டதாக விளம்பரம் மட்டும் செய்வார்கள்.

வில்ச்சரின் வழி ஜெயித்ததற்கு இன்னொரு காரணம் ஸ்டீரியோ. 1958 வாக்கில் ஸ்டீரியோ ரெக்கார்டுகள் கடைக்கு வந்தன. ஒரு பீரோவுக்கு இடம் கொடுத்த வீடு இன்னொரு பீரோவுக்கும் இடம் கொடுக்குமா? சின்ன ஸ்பீக்கர் தேவைப்பட்டது. அதற்கு ஏற்ற ஆம்ப்ளிஃபையரும் வந்தது. டேவிட் ஹாஃப்லரின் டைனாகோ நிறுவனம் 1959இல் விற்ற ஸ்டீரியோ 70, சேனலுக்கு 35 வாட்ஸ் கொடுத்தது. வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கிட் ஆகவும் கிடைத்ததால் விலையும் கட்டுப்படி. ஸ்பீக்கர் செய்பவர் பவரைக் கேட்டார், ஆம்ப்ளிஃபையர் செய்பவர் கொடுத்தார். இரண்டு தொழிலும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே வளர்ந்தன.

ஓம்ஸ் தொல்லை எப்போது ஆரம்பித்தது?

வால்வ் ஆம்ப்ளிஃபையரின் பின்னால் 4, 8, 16 ஓம்ஸ் என்று தனித்தனி முனைகள் இருக்கும். உள்ளே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்தான் காரணம். உங்கள் ஸ்பீக்கருக்கு ஏற்ற முனையில் கம்பியை மாட்டினால் வேலை முடிந்தது.

1960களில் டிரான்சிஸ்டர் வந்ததும் அந்த டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் போய்விட்டது. எடையும் செலவும் மிச்சம். ஆனால் இப்போது ஸ்பீக்கரின் ஓம்ஸ் பாதியானால், அதே வோல்டேஜில் இரண்டு மடங்கு கரண்ட் ஆம்ப்ளிஃபையரிலிருந்து உறிஞ்சப்படும். தாங்கினால் பவர் இரட்டிப்பாகும். தாங்காவிட்டால் சூடு, புகை.

இன்னொரு சிக்கல், 8 ஓம்ஸ் என்பது நிலையான எண் அல்ல. அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். சர்வதேசத் தரப்படி, போட்டிருக்கும் எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. அதாவது 8 என்று எழுதினால் 6.4, 4 என்று எழுதினால் 3.2. ஆனால் 8 என்று எழுதிவிட்டு 4க்குக் கீழே இறங்கும் ஸ்பீக்கர்கள் சந்தையில் இருக்கத்தான் செய்கின்றன.

டவர் ஸ்பீக்கர் இங்கேதான் வருகிறது. 1961இல் நெவில் தீல், அவரைத் தொடர்ந்து 1970களில் ரிச்சர்ட் ஸ்மால், ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய இந்த இரண்டு பேரும் பெட்டியின் அளவையும் பேஸையும் காகிதத்திலேயே கணக்குப் போட வழி செய்தார்கள். பெட்டி செய்வது ஊகத்திலிருந்து கணிதத்துக்கு மாறியது. ஸ்டாண்ட் மேல் வைக்கும் சின்ன ஸ்பீக்கர் தரையில் எவ்வளவு இடம் பிடிக்கிறதோ, ஏறக்குறைய அதே இடத்தில் உயரமான பெட்டியை நிறுத்தினால் உள்ளே காற்றுக்கு இரண்டு மூன்று மடங்கு இடம். கூடவே இரண்டு வூஃபர் வைக்கலாம். இரண்டு 8 ஓம்ஸ் வூஃபரைப் பக்க இணைப்பில் கொடுத்தால் 4 ஓம்ஸ் ஆகிவிடும். சென்சிடிவிட்டி எண் பார்க்க அழகாக ஏறும். ஆனால் அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி, ஆம்ப்ளிஃபையர் கூடுதல் கரண்ட் கொடுப்பதால் வருவது. விவரத்தாளில் '2.83 வோல்ட்' என்று போட்டிருந்தால் இதை மனசில் வையுங்க. 4 ஓம்ஸில் 2.83 வோல்ட் என்பது 1 வாட் இல்லை, 2 வாட்ஸ்.

1980களில் இது உச்சத்துக்குப் போனது. அமெரிக்காவின் அப்போஜி நிறுவனம் செய்த சின்டில்லா என்ற ரிப்பன் ஸ்பீக்கர் 1 ஓம் அளவில் நின்றது. அதை ஓட்ட முடிந்த ஆம்ப்ளிஃபையர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. டான் டகோஸ்டினோ 1980இல் தொடங்கிய கிரெல் நிறுவனத்தின் பிரம்மாண்ட ஆம்ப்ளிஃபையர்கள் பேர் வாங்கியது இப்படிப்பட்ட ஸ்பீக்கர்களால்தான். ஓம்ஸ் பாதியானால் வாட்ஸ் இரட்டிப்பாகணும், அதுதான் அவற்றின் பெருமை. இன்றைக்கும் ஒரு ஆம்ப்ளிஃபையரின் தெம்பை எடைபோட இது நல்ல அளவுகோல். 8 ஓம்ஸில் 100, 4 ஓம்ஸில் 180, 190 என்று எழுதியிருந்தால் பவர் சப்ளை தெம்பானது. 4 ஓம்ஸ் பற்றிப் பேச்சே இல்லையென்றால், அந்த மௌனமும் ஒரு பதில்தான்.

வாட்ஸில் பொய்

பவர்தான் விற்கும் என்று தெரிந்ததும் பொய்யும் வந்தது. 'மியூசிக் பவர்', 'பீக் பவர்' என்று அமெரிக்கக் கம்பெனிகள் இஷ்டத்துக்கு எண்களை ஊதிப் பெருக்கின. 1974இல் அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு விதி போட்டது. வாட்ஸ் எழுதினால் அது தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸாக இருக்கணும், எத்தனை ஓம்ஸில், எந்த அதிர்வெண் வரம்பில், எவ்வளவு டிஸ்டார்ஷனில் என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

நம்ம ஊரில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கா? கையடக்க டேப் ரெக்கார்டரில் 'பிஎம்பிஓ' என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்ட ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். உள்ளே இருந்த டிரான்ஸ்ஃபார்மர் சில பத்து வாட்ஸ்கூடத் தாங்காது.

ஐந்து ஸ்பீக்கர், ஒரே அடுப்பு

1992இல் டால்பி டிஜிட்டல் தியேட்டருக்கு வந்தது, 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு. 90களின் கடைசியில் டிவிடி வழியாக அது வீட்டு ஹாலுக்கு வந்தது. ஐந்து ஸ்பீக்கருக்கும் பவர் கொடுக்க ஒரே ரிசீவர், உள்ளே ஒரே பவர் சப்ளை. ஒரே அடுப்பில் ஐந்து பாத்திரம் ஏற்றிய மாதிரி. ரிசீவர் பெட்டியில் போட்டிருக்கும் 100 வாட்ஸ் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது எடுத்த அளவு. எல்லாச் சேனலும் சேர்ந்து முழங்கினால் குறையும்.

தேவை எவ்வளவு? சினிமாவின் ரெஃபரன்ஸ் அளவில் ஒவ்வொரு சேனலும் உங்கள் நாற்காலியில் 105 டெசிபல் உச்சத்தைத் தொட வேண்டும். ஸ்பீக்கர் 90 டெசிபல், நீங்கள் 4 மீட்டர் தள்ளி இருக்கிறீர்கள் என்று வைப்போம். தூரத்தால் 12 டெசிபல் போகும், அறைச் சுவர்கள் சுமார் 3 திருப்பிக் கொடுக்கும். மீதி 81. இன்னும் 24 டெசிபல் வேண்டும், அதற்கு 250 வாட்ஸ்! பயப்பட வேண்டாம். வீட்டில் யாரும் அவ்வளவு சத்தத்தில் கேட்பதில்லை. 10 டெசிபல் குறைத்தால் 25 வாட்ஸ் போதும்.

இதற்கு ஒரு சமரசத்தைச் சொன்னவர்கள் டிஹெச்எக்ஸ்காரர்கள். டாம்லின்சன் ஹோல்மன் லூகாஸ்ஃபிலிமில் உருவாக்கிய தரம் அது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பேஸை, தனி ஆம்ப்ளிஃபையர் உள்ள சப்வூஃபரிடம் ஒப்படைத்துவிடுவது. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, 1926இன் ரேடியோலா மாதிரி ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் மறுபடி ஒரே பெட்டிக்குள்.

ஆனால் டவர் வாங்கியவர்களில் பலர், ரிசீவர் மெனுவில் 'ஸ்மால்' என்று செட் செய்ய மாட்டேன் என்பார்கள். இவ்வளவு பெரிய ஸ்பீக்கரைச் சின்னது என்று சொல்வதா என்ற ரோஷம். அது அளவைப் பற்றிய வார்த்தை இல்லை. மின்சாரத்தை அதிகம் தின்னும் பேஸை ரிசீவர் தலையிலிருந்து இறக்கும் ஸ்விட்ச், அவ்வளவுதான்.

அப்போ என்ன வாங்குறது?

முதலில் அறையையும் தூரத்தையும் அளந்துகொள்ளுங்க. அடுத்து ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியையும், அதைவிட முக்கியமாக, யாராவது அளந்து வெளியிட்ட குறைந்தபட்ச இம்பிடன்ஸையும் தேடுங்க. 4 ஓம்ஸுக்குக் கீழே அடிக்கடி இறங்கினால், 4 ஓம்ஸ் அளவைத் துணிந்து எழுதியிருக்கும் ஆம்ப்ளிஃபையராகப் பாருங்க. 90 டெசிபலைத் தாண்டிய, இம்பிடன்ஸ் சமர்த்தாக இருக்கும் ஸ்பீக்கர் என்றால் நடுத்தர ரிசீவரே படத்துக்குப் போதும், சப்வூஃபர் துணைக்கு இருந்தால். பாட்டுதான் உயிர் என்பவர்கள் ப்ரீ-அவுட் உள்ள ரிசீவராக வாங்கினால், பிறகு பணம் சேரும்போது முன் ஸ்பீக்கர்களுக்கு மட்டும் தனி ஸ்டீரியோ பவர் ஆம்ப்ளிஃபையர் சேர்த்துக்கொள்ளலாம்.

'20 முதல் 200 வாட்ஸ்' என்பதைச் சட்டமாக எடுக்க வேண்டாம். 200 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையரை அடக்கமாகத் திருப்பினால் ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை. 30 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையரை முழுக்கத் திருகி, ஒலி அலையின் தலை வெட்டுப்படும்வரை ஓட்டினால், அந்தச் சூடு ட்வீட்டர் மேல்தான் இறங்கும். பார்ட்டி நடந்த மறுநாள் ஸ்பீக்கர் ரிப்பேர் கடைக்கு வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

கடைக்காரர் வாட்ஸைச் சொன்னால், எத்தனை ஓம்ஸில், எத்தனை சேனல் ஓடும்போது என்று திருப்பிக் கேளுங்க. 1974 விதி கேட்கச் சொன்னதும் கிட்டத்தட்ட அதைத்தான்.