கஞ்சித்தொட்டியும் எங்க ஊர் மோட்டாரும்

சென்னையில இருக்கிற நண்பர்கள் சிலர், "வட சென்னைப் பக்கம் நான் போனதே இல்லை"ன்னு ஏதோ வெளிநாட்டைச் சொல்ற மாதிரி சொல்வாங்க. கிராமத்துக்காரனான எனக்கு அந்தப் பக்கம் அந்நியமாகத் தெரிவதில்லை. அது பாதி எங்க ஆளுங்க ஊர்.

ராயபுரத்தை ஒட்டியிருக்கும் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பெரியவர்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். பேர் சும்மா வரலைங்க. ஹைதர் அலியோடு சண்டை நடந்த சமயம், 1782-ல் பஞ்சம். பசியோடு வந்த சனங்களுக்கு அங்கே கஞ்சி ஊற்றினார்கள். பார்த்துக்கொண்டவர் ஊர் மணியக்காரர் என்பதால் அது மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரன் வாயில் 'மோனிகர் சவுல்ட்ரி'. 1799-ல் ஆஸ்பத்திரியும் வந்தது.

1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. இருந்தும் 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கிராமங்கள் காலியாயின. தண்டவாளம் இருந்தது, தானியமும் வந்தது. வாங்கத்தான் கையில் காசில்லை. நிவாரண வேலைக்குப் போன ஆம்பிளைக்கு 1877-ல் அரசு முதலில் வைத்த கூலி, நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா. அரைக் கிலோவுக்கும் குறைவு. மண்வெட்டி பிடிச்சவனுக்குத் தெரியும், அதைத் தின்னுட்டு எவ்வளவு மண் வெட்ட முடியும்னு. எண்ணூர் வரை 1806-லேயே வெட்டியிருந்த கால்வாயைத் தெற்கே இணைக்க, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே 8 கிலோமீட்டர் தோண்டியது பஞ்சத்தில் அடிபட்ட சனம்தான். பேர் மட்டும் கவர்னருக்கு, பக்கிங்காம் கால்வாய்.

பிறகு ஆலைகள் வந்தன. பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்கள் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள், வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்றார்கள். 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், 1969-ல் மணலி சுத்திகரிப்பு ஆலை, 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம். மழை பொய்த்த ஊர்ப் பையன்களுக்கு மாசச் சம்பளம்னா என்னன்னு காட்டியது அந்தப் பக்கம்தான்.

ஆனா அந்த வளர்ச்சிக்கு ஒரு கழிவும் உண்டு. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றிலும் கழிமுகத்திலும் படிந்தது. ஆழம் குறைந்தது, இறாலும் மீனும் குறைந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் வந்து படகுகளிலும் வலைகளிலும் அப்பிக்கொண்டது. அதே மாசக் கடைசியில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிவு, நடுராத்திரி சனம் தெருவில்.

எங்க மோட்டாருக்குக் கரண்ட் பில் கிடையாது. இலவசம்னுதான் நாங்களும் சொல்றோம். காசில்லாத கரண்ட்னு ஒண்ணு இல்லைங்க; எங்களுக்கு வர வேண்டிய பில்லில் ஒரு பங்கை எண்ணூர்க்காரன் சாம்பலா வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கான். உங்க வீட்டு ஏசிக்கும் அதே கணக்குதான்.