பழகிக்கொள் என்பது பயிற்சி அல்ல

குந்தாப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குள் ஒருமுறையாவது நுழைந்தவர்களுக்கு சி.டி.சி. இயந்திரத்தைத் தெரிந்திருக்கும். பல் வெட்டிய இரண்டு எஃகு உருளைகள் எதிரெதிராகச் சுற்றும். ஒன்று மற்றதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வேகத்தில் ஓடும். இடையில் விழும் இலை நசுங்கிக் கிழிந்து சுருண்டு வரும். விரல் விழுந்தாலும் அதே கதிதான். பல் மழுங்கினால் உருளையைக் கழற்றிக் கூர் தீட்டுவார்கள். தீட்டித் தீட்டித் தேய்ந்த பிறகு அது பழைய இரும்பு. எடைக்குப் போய்விடும்.

அந்த இரும்பு இறங்கும் பாதையில்தான் நம் பிள்ளைகளும் இறங்குகிறார்கள். தேயிலை விலை விழுந்த பிறகு லைன் வீட்டு இளைஞர்களுக்குக் கோவையும் திருப்பூரும்தான் பிழைப்பு. அதில் ஒரு பகுதி பழைய இரும்புக் குடோன்களுக்கும் வார்ப்படப் பட்டறைகளுக்கும் போகிறது. அங்கே தகரத்தை அமுக்கிக் கட்டும் பேலிங் பிரஸ் இருக்கிறது, கம்பியை நறுக்கும் ஷியர் இருக்கிறது, கேஸ் கட்டர் இருக்கிறது. சேர்ந்த முதல் நாள் அவர்கள் கேட்கும் சொல் பெரும்பாலும் ஒன்றே: "பார்த்துப் பழகிக்கோ."

இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. இயந்திரத்தை யார் அறியலாம், யார் அறியாமலே கையை விடவேண்டும் என்று பிரித்த வரலாறு அது. தோழர்கள் அதைத் தெரிந்துகொள்வது அவசியம் என்று நினைக்கிறோம். தெரிந்தால்தான், பயிற்சி என்பது முதலாளி போடும் பிச்சை அல்ல, நாம் கேட்டு வாங்கவேண்டிய உரிமை என்பது புரியும்.

தறிக்கு அருகே வராதே

பம்பாய்ப் பஞ்சாலைகளில் தீண்டப்படாத மக்களுக்கு வேலை கிடைத்தது. ஆனால் நல்ல கூலி தரும் நெசவுப் பிரிவில் அவர்களுக்கு இடமில்லை. நாடாவில் நூலைக் கோக்க அதை வாயால் உறிஞ்சி இழுக்கவேண்டும். தலித் ஒருவர் வாய் வைத்த நாடாவைத் தொடமாட்டோம் என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். இப்படி ஒரு தொழிலைக் கற்கும் வழியே ஒரு மக்கள் கூட்டத்துக்கு அடைக்கப்பட்டது. 1928 பஞ்சாலை வேலைநிறுத்தத்தின்போது இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கையாக்க வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் வலியுறுத்தினார். கூலி உயர்வுக்காக ஒன்றாக நிற்கச் சொன்ன தொழிற்சங்கத் தலைமை இதற்காக நிற்கத் தயங்கியது. கற்பதற்கான உரிமையும் தொழிலாளர் கோரிக்கைதான் என்பதை அன்று உரக்கச் சொன்னவர் அவர்.

1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் உறுப்பினரானார். அதே ஆண்டு அக்டோபரில் வைசிராயிடம் அளித்த கோரிக்கை மனுவில், பட்டியல் சாதி இளைஞர்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சி வேண்டும் என்று கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் அவர்களைப் பயிற்சியாளர்களாகச் சேர்க்கவேண்டும் என்பதும் அதில் அடங்கும். அலுவலக வேலையோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. பணிமனையின் கதவையும் தட்டினார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவருக்குப் பின் தொழிலாளர் அமைச்சரான பாபு ஜெகஜீவன் ராம் காலத்தில் 1948 தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. அதன் 22-ஆவது பிரிவு சொன்னது இதுதான்: ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைச் சோதிக்கவோ எண்ணெய் இடவோ வேண்டியிருந்தால், தனிப் பயிற்சி பெற்ற வயதுவந்த ஆண் தொழிலாளி மட்டுமே செய்யலாம். அவர் பெயர் அதற்கான பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். உடலோடு ஒட்டிய உடையை நிர்வாகமே தரவேண்டும். 23-ஆவது பிரிவு இளம் தொழிலாளரைப் பற்றியது. ஆபத்தான இயந்திரம் என்று அரசு அறிவித்தவற்றில் அவரை நிறுத்துமுன் ஆபத்தையும் தற்காப்பையும் முழுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். போதிய பயிற்சி பெற்றிருக்கவேண்டும், அல்லது நன்கு தெரிந்த ஒருவரின் மேற்பார்வையில் இருக்கவேண்டும். பிறகு 1973-இல் தொழிற்பழகுநர் சட்டம் திருத்தப்பட்டு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்கள் ஒதுக்கப்பட்டன.

குந்தாவில் விழுந்த கோடு

சட்டம் வந்தது. ஆனால் யாருக்கு? இதற்குக் குந்தா மலையே சாட்சி.

1956-இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் தொடங்கியது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என அணைகள் எழுந்தன. பாறையைக் குடைந்து சுரங்க வழிகள் போனது. மின்சாரம் உண்டாக்கும் இடம் தொழிற்சாலைகள் சட்டப்படி ஒரு தொழிற்சாலை. ஆகவே மின்நிலையத்துக்குள் டர்பைன் அருகே நின்றவருக்கு அந்தச் சட்டம் பொருந்தியது. அந்த மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுவரச் சுரங்கம் தோண்டியவரும், வெடி வைத்தவரும், மண் சுமந்தவரும் கட்டுமானக் கூலிகள். அவர்களுக்கு அது பொருந்தவில்லை. கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வர 1996 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. ஒரே மலை, ஒரே திட்டம். நடுவில் சட்டம் கிழித்த கோடு. எந்தப் பக்கம் யார் நின்றார்கள் என்பதைச் சாதியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியுமா? உங்கள் ஊரில் அந்தக் காலத்து முதியவர்கள் இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள்.

போபாலுக்குப் பிறகு

1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். என்ன வாயு, அதற்கு என்ன மாற்று என்பது அங்கே வேலை செய்தவர்களுக்கும் அருகே வாழ்ந்தவர்களுக்கும் சொல்லப்படவில்லை. அந்தப் பிணங்களின் மேல் நின்றுதான் 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அப்போது சேர்ந்தது 111-ஏ பிரிவு. தன் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப்பெற ஒவ்வொரு தொழிலாளிக்கும் அது உரிமை தந்தது. தொழிற்சாலைக்குள்ளேயே பயிற்சி பெறவும், இல்லையேல் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்துக்கு நிர்வாகத்தின் செலவில் அனுப்பப்படவும் உரிமை தந்தது. இவை அந்தப் பிரிவில் உரிமை என்றே எழுதப்பட்டன. சலுகை என்று எழுதப்படவில்லை.

பழைய இரும்பின் பிணக்கணக்கு

இந்த உரிமை சென்று சேராத இடங்களில் முதன்மையானது பழைய இரும்பு.

2001 மார்ச்சில் இன்னொரு மலையில், கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில், ஒரு பழைய பொருள் கிடங்கில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அது இந்துஸ்தான் லீவர் தெர்மாமீட்டர் ஆலையின் கழிவு. மக்கள் போராட்டத்தில் ஆலை நின்றது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. தொழிலாளர்களின் உடல்நலம் பாதிக்கப்படவில்லை என்றே நிறுவனம் சொல்லிவந்தது. 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. பதினைந்து ஆண்டுகள்.

2004 செப்டம்பர் 30 அன்று காசியாபாத் அருகே சாகிபாபாத்தில் பூஷண் ஸ்டீல் ஆலையில் வெடிவிபத்து. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான பழைய இரும்பில் போர்க்களத்து வெடிகுண்டுகள் கலந்திருந்தன. பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

2010-இல் தில்லிப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாத ஒரு ஆய்வுக் கருவியை ஏலம் விட்டது. மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதை உடைத்தார்கள். உள்ளே கோபால்ட்-60 என்ற கதிர்வீச்சுப் பொருள். ஒருவர் இறந்தார். பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். படித்தவர்கள் நிறைந்த இடத்திலிருந்து வந்த ஆபத்து, அதன் பெயரைக்கூட அறியாதவர் கையில் போய்ச் சேர்ந்தது.

எதிர் உதாரணமும் உண்டு. கப்பல் உடைக்கும் அலங் கடற்கரையில் மரணங்கள் உலகச் செய்தியான பிறகு, உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, குஜராத் கடல்சார் வாரியம் தொழிலாளருக்கென்றே பாதுகாப்புப் பயிற்சி நிலையம் அமைத்தது. அங்கே சாவு நின்றுவிடவில்லை. ஆனால் கேஸ் கட்டர் பிடிப்பவருக்கு வகுப்பெடுக்க முடியாது என்ற சாக்கு உடைந்தது.

பயிற்சி என்றால் என்ன?

சில அடிப்படைகளைச் சொல்கிறோம். பேலிங் பிரஸ்ஸில் தகரம் சிக்கினால், மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியை இறங்குபவர் தன் பையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே இறங்கவேண்டும். மூன்று பேர் இறங்கினால் மூன்று பூட்டு. மூடிய டிரம்மையும் டேங்கையும் உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமல் கட்டர் வைத்து வெட்டக்கூடாது. ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெய்க் கை படக்கூடாது. ஈரமான இரும்பையும் இருபுறம் அடைத்த குழாயையும் உலையில் போட்டால் உருகிய உலோகம் வெடித்துச் சிதறும். மூன்று இதழ் போன்ற கதிர்வீச்சுக் குறி இருந்தால் தொடாமல் விலகிச் சொல்லவேண்டும். இவை தமிழில், இயந்திரத்தின் அருகில், கூலி குறையாத வேலை நேரத்தில் சொல்லித்தரப்பட வேண்டும். கற்றவர் பெயர் பதிவேட்டில் ஏறவேண்டும். தரம் பிரிக்கவும் கம்பி உரிக்கவும் பெண்களை அமர்த்திக்கொண்டு, இயந்திரம் கற்பதை மட்டும் ஆணுக்கு ஒதுக்கும் வழக்கமும் ஒழியவேண்டும்.

எண்ணிக்கை என்னும் தப்பிக்கும் வழி

பொருளை விற்பதற்காக உடைப்பதும் 1948 சட்டத்தின்படி உற்பத்தி வேலைதான். ஆகவே பழைய இரும்புக் குடோன் சட்டத்துக்கு அப்பாற்பட்டதல்ல. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் தொழிற்சாலை அல்ல என்ற எண்ணிக்கைதான் அதை வெளியே தள்ளியது. எண்ணிக்கை குறைந்த இடங்களுக்கும் சட்டத்தை நீட்டிக்க 85-ஆவது பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. ஆனால் 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்தப் பத்தை இருபதாக உயர்த்தியது. பத்தொன்பது பேர் வேலை செய்யும் குடோனில் கை போனால் அது எந்தக் கணக்கில் வரும்?

சட்டம் படிக்கும் தோழர்களுக்கு வேலை இருக்கிறது. 111-ஏ தந்த உரிமைகள் புதிய தொகுப்பிலும் மாநில விதிகளிலும் எந்தச் சொற்களில் இருக்கின்றன, எவை விடுபட்டிருக்கின்றன என்று வரிக்கு வரி ஒப்பிடுங்கள். களத்தில் உள்ளவர்கள், தங்கள் ஊரிலிருந்து யார் யார் எந்தக் குடோனில் எந்த இயந்திரத்தில் நிற்கிறார்கள் என்று பட்டியல் எடுங்கள். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். தாட்கோ வழங்கும் திறன் பயிற்சிகளில் பேலிங், ஷியர், கேஸ் கட்டிங் வேலைகளையும் சேர்க்கக் கேளுங்கள்.

நாடாவைத் தொடாதே என்று அன்று தடுத்தவர்கள், இயந்திரத்தில் கையை விடு என்று இன்று தள்ளுகிறார்கள். இரண்டிலும் மறுக்கப்படுவது அறிவு. அதைக் கேட்டு வாங்குவோம்.

ஜெய்பீம்.